கள்ளுக்கடை வாசலும் சட்டத்தின் வாசலும்: கெடாத் தோட்டங்களில் பூசலும் மக்களாட்சிச் சிந்தனையும்



சுங்கைப் பட்டாணியிலிருந்து வடக்கே செல்லும் பழைய சாலையில் சிறிது தொலைவு சென்றால் பீடோங் என்னும் சிறுநகரம் வரும். 1947ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களின் இறுதியில் அந்நகரைச் சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்து பால்வெட்டுத் தொழிலாளர்கள் திரண்டு வந்து, அங்கிருந்த கள்ளுக்கடையை மூடவேண்டும் என்று மறியல் செய்தனர். காவலர்கள் கூட்டத்தைக் கலைத்தனர். அந்த மோதலில் தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார்.

பாலிங் பேச்சுவார்த்தையை நம் மாணவர்கள் அறிவார்கள். பீடோங் கள்ளுக்கடையைப் பற்றிக் கேள்வியுற்றோர் மிகச் சிலரே. எனினும், மக்களாட்சியில் பூசலுக்கு என்ன இடம், சட்டத்துக்கு என்ன வேலை என்னும் பெரிய வினாவை எழுப்புவதற்கு இதைக்காட்டிலும் பொருத்தமான இடம் நம் மாநிலத்தில் வேறொன்று எனக்குத் தோன்றவில்லை. ஏனெனில் அன்று சட்டம் கள்ளுக்கடையின் பக்கம் நின்றது. கடைக்கு உரிமம் இருந்தது. மறியலுக்கு உரிமம் இல்லை. குடியை விடுவோம் என்று சொன்னவர்கள் குற்றவாளிகளாகவும், குடியை விற்றவர்கள் சட்டத்துக்கு உட்பட்டவர்களாகவும் நின்ற அந்தக் காட்சியை விளங்கிக்கொள்வதே இன்றைய பொழிவின் நோக்கம்.

முதலில் தோட்டம் என்பது எத்தகைய ஆட்சி என்று பார்ப்போம். அங்கே சட்டம் இல்லை என்று சிலர் எழுதுவர், அது சரியன்று. அங்கே சட்டம் மிகுதியாகவே இருந்தது. விடியலுக்கு முன்பே பெரட்டுக்களத்தில் பெயர் அழைப்பது முதல், எந்த நிரையை யார் வெட்டுவது, எவ்வளவு பால் குறைந்தால் அரைநாள் பேர் போடுவது என்பது வரை எல்லாவற்றுக்கும் விதி உண்டு. அவ்விதிகளைச் சொல்பவர் துரை, எழுதுபவர் கிராணி, நடத்துபவர் கங்காணி. ஆனால் அவ்விதியைக் குறித்து மறுசொல் சொல்வதற்கு என்று ஓர் இடம் இல்லை. ஒப்பந்தக் கூலிமுறை 1910ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. கங்காணி வழி ஆள்சேர்ப்பு 1938இல் இந்திய அரசின் தடையால் நின்றது. எனினும் வீடு, வேலை, கடை, கோயில், பள்ளி ஆகிய அனைத்தும் ஒரே உடைமையாளரின் நிலத்துக்குள் இருந்த நிலை மாறவில்லை. வேலை போனால் லயத்து வீடும் போகும். தொழிற்சங்கத்தார் ஒருவர் உள்ளே வந்து பேசினால் அது பிறர் நிலத்தில் அத்துமீறி நுழைந்த குற்றம். பொது இடம் என்று சொல்லத்தக்க ஒரு சாண் நிலம்கூடத் தோட்டத்துக்குள் கிடையாது என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்ளவேண்டும். கூடுவதற்கு இடமில்லாதவனுக்குக் கூடும் உரிமை என்ன பயன் தரும்?

கள்ளுக்கடை இவ்வமைப்பின் புறத்தே நின்ற ஒன்றன்று. பல தோட்டங்களில் நிர்வாகமே உரிமம் பெற்றுக் கடையை நடத்தியது. அதன் இலாபம் கள்ளு நிதி என்ற பெயரில் சேர்ந்து, தொழிலாளர் நலனுக்குச் செலவிடப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. ஊதியத்தின் ஒரு பகுதி இவ்வாறு கள்ளாகித் திரும்பி வந்தது. அதன் சுமையைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் பெண்களே.

இந்நிலையில் போர் வந்தது. பல்லாயிரம் தமிழர்கள் சயாம் இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். 1943இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தபின், தோட்டத்து இளைஞர்கள் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். போர் முடிந்து திரும்பிய துரைமார் பழைய பெரட்டுக்களத்தையே எதிர்பார்த்தனர். ஆனால் அங்கு வந்து நின்றவர்கள் பழைய ஆட்களாக இல்லை. அணிவகுத்து நிற்கவும், மேடையேறிப் பேசவும், வெள்ளையர் ஆட்சி ஒருமுறை ஓடியதைக் கண்ணால் காணவும் பெற்றவர்கள் அவர்கள். இதற்கும் முன்பே 1929இன் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்து சென்றதிலிருந்து, தன்மதிப்பு என்ற சொல் இங்கே வழங்கி வந்தது. சீர்திருத்தச் சங்கங்களும் கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் மதுவிலக்கைத் தொடர்ந்து பேசிவந்தன.

இவ்விரு நீரோட்டங்களும் கலந்த இடத்தில் எழுந்ததே தொண்டர் படை. 1946இல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி என்பாரின் தலைமையில் அது வளர்ந்தது. சீருடை, அணிப்பயிற்சி, கள்ளெதிர்ப்பு, தூய்மை, ஒற்றுமை ஆகியவை அதன் அடையாளங்கள். விரைவிலேயே சுங்கைப் பட்டாணி வட்டாரத்துத் தோட்டங்கள் பலவற்றில் அதன் சொல் செல்லுபடியாயிற்று. கெடாவின் தொழிற்சங்க இயக்கத்தோடும் அது கைகோத்தது. மதுவிலக்கும் ஊதியக் கோரிக்கையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

பீடோங் நிகழ்ச்சிக்குச் சில நாள் கழித்து, 1947 மார்ச் 3ஆம் நாள், டப்ளின் தோட்டத்தில் கூடியிருந்த தொழிலாளர்மீது காவல்துறை சுட்டது. ஒருவர் இறந்தார், வேறு சிலர் காயமுற்றனர். ஏப்ரல் இறுதியில் புக்கிட் செம்பிலான் தோட்டத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டு, அவர்களுள் பெரும்பாலோர் சிறைத்தண்டனை பெற்றனர். அவ்வாண்டின் நடுப்பகுதிக்குள் தொண்டர் படை அடங்கிப்போயிற்று.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைத்துவிட்டுப் போகும் வழக்கம் நம்மிடையே உண்டு. தொண்டர் படையும் வற்புறுத்தியது. குடித்தவரைத் தண்டித்தது, இணங்காதவரை மிரட்டியது. துரையின் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லாததுபோலவே அதன் தீர்ப்புக்கும் மேல்முறையீடு இருக்கவில்லை. காலனி அரசு இதனைத் தனியார் படை என்று அழைத்தது. அச்சொல்லில் உள்நோக்கம் இருந்தது உண்மை. ஆனால் அதில் முழுப்பொய் இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். தங்களுக்கென்று ஒரு சட்டத்தை ஆக்கிக்கொள்ள வேண்டும் என்னும் வேட்கை நியாயமானது. அதை ஆக்குவதற்குரிய மன்றம் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. ஆகவே அவ்வேட்கை சீருடை அணிந்து தெருவில் இறங்கியது. மறுப்பை மட்டும் சொல்லி மிரட்டலை மறைப்பதும், மிரட்டலை மட்டும் சொல்லி மறுப்பை மறைப்பதும் வரலாறு ஆகா.

இங்கே அரசியல் மெய்யியலாரிடம் செல்லலாம். ஆங்கில நாட்டு உள்நாட்டுப் போரின் நிழலில் 1651இல் லெவையத்தன் என்னும் நூலை எழுதிய தாமஸ் ஹாப்ஸ், பூசலை நோயாகக் கண்டார். யாவரும் தம் உரிமையை ஒரு பேரதிகாரத்திடம் ஒப்படைத்தால்தான் உயிர் பிழைக்கலாம் என்பது அவர் முடிவு. 1947இல் கெடாவை ஆண்டவர்களின் அறிக்கைகளைப் படிப்போர் ஹாப்ஸின் குரலையே கேட்பர்: அமைதி முதலில், நியாயம் பிறகு. ஆனால் அவருக்கு நூறாண்டுக்கு முன்பே இத்தாலியின் மாக்கியவெல்லி வேறொன்றைச் சொல்லியிருந்தார். உரோம வரலாற்றைப் பற்றிய தம் உரைகளில், மேலோர் அவைக்கும் எளிய மக்களுக்கும் இடையே நிகழ்ந்த ஓயாத பூசல்களே உரோமின் உரிமை வாழ்வுக்குக் காரணம் என்றார். கூச்சலையும் கடையடைப்பையும் கண்டு பழிப்பவர்கள், அவற்றிலிருந்து பிறந்த நல்ல சட்டங்களைக் காணத் தவறுகிறார்கள் என்பது அவர் வாதம்.

அவர் மனத்தில் இருந்த நிகழ்ச்சி கி.மு. 494இல் நடந்ததாக உரோமர் நம்பியது. கடன் சுமையால் நசுங்கிய எளிய மக்கள் நகரைவிட்டு வெளியேறி ஒரு குன்றில் போய் அமர்ந்துவிட்டனர். அவர்களைத் திருப்பி அழைக்கச் சென்ற மெனீனியஸ் அக்கிரிப்பா ஒரு கதை சொன்னாராம்: வயிறு மட்டும் உண்டு களிக்கிறது என்று கை, கால், வாய் எல்லாம் வேலைநிறுத்தம் செய்ய, முடிவில் உடல் முழுதும் மெலிந்தது என்று. தோட்டத்து மேடைகளில் துரைமாருக்கு மிகவும் பிடித்திருக்கக்கூடிய கதை இது! ஆனால் உரோமர் கதையைக் கேட்டு மட்டும் இறங்கி வரவில்லை. மக்களுக்கென்று தனிக் காவலர்களைத் தேர்ந்துகொள்ளும் உரிமையையும், அதிகாரிகளின் ஆணையை அக்காவலர்கள் தடுத்து நிறுத்தும் ஆற்றலையும் பெற்ற பின்னரே இறங்கினர். பூசல் அங்கே முடிந்துபோகவில்லை. அதற்கு ஒரு பதவியும் ஒரு நாற்காலியும் கிடைத்தன.

நம் மரபில் இதற்கு நிகர் உண்டா என்று மாணவர்கள் கேட்கலாம். சிலம்பின் கண்ணகி பாண்டியன் அவையில் நின்று வழக்குரைத்தாள். அரசன் தன் தவற்றை உணர்ந்து உயிர்விட்டான். மனுநீதிச் சோழனின் வாயிலில் ஆராய்ச்சி மணி தொங்கியது. இடித்துரைக்கும் பெரியோரைத் துணையாகக் கொள்ளாத அரசன், பகைவர் இல்லாவிடினும் தானே கெடுவான் என்று வள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடலில் எச்சரிக்கிறார். இவை பெருமைக்குரியவை, ஐயமில்லை. ஆயினும் இவற்றில் ஒரு குறை உண்டு என்பதை ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லத் தயங்கக்கூடாது. இவை மூன்றும் அரசனின் பண்பை நம்பி நிற்பவை. மணியை அவிழ்த்து வைத்துவிட்டால் பசு எங்கே போகும்? கண்ணகியை வாயிற்காவலன் உள்ளே விட்டான், விடாதிருந்தால்? மக்களாட்சி கேட்பது நல்ல அரசனை அன்று. அரசன் நல்லவனாக இல்லாத நாளிலும் கழற்ற முடியாத ஒரு மணியை. பிரெஞ்சு அறிஞர் குளோத் லெஃபோர், மக்களாட்சியில் அதிகாரத்தின் இருக்கை எவருக்கும் சொந்தமில்லாத வெற்றிடம் என்றார். அதற்காக எழும் போட்டியை ஒளிக்காமல் விதிக்குட்படுத்தி வெளிப்படையாக நடத்துவதே அதன் இயல்பு என்று விளக்கினார்.

அம்பேத்கர் 1949 நவம்பர் 25ஆம் நாள் இந்திய அரசமைப்பு அவையில் ஆற்றிய உரையை இங்கே நினைவுகூர்தல் தகும். அரசமைப்பு வழிகள் திறந்திருக்கும்போது சத்தியாக்கிரகம் முதலிய பிற வழிகளை விட்டுவிடவேண்டும் என்று அவர் சொன்னதைப் பலரும் மேற்கோள் காட்டுவர். அவ்வழிகள் அடைபட்டிருந்த காலத்தில் பிற வழிகளுக்கு நியாயம் இருந்தது என்று அதே மூச்சில் அவர் ஒப்புக்கொண்டதை விட்டுவிடுவர். 1947இன் பீடோங்கை இவ்வளவுகோலால் அளந்து பாருங்கள். மலாயன் யூனியன் காலம் அது. பொதுத்தேர்தல் என்பதே இல்லை. பால்வெட்டுத் தொழிலாளிக்கு வாக்குமில்லை, பலருக்குக் குடியுரிமை பற்றிய உறுதியுமில்லை. திறந்திருந்த ஒரே கதவு தொழிற்சங்கம்.

அக்கதவும் விரைவில் சாத்தப்பட்டது. 1948ஆம் ஆண்டின் இடைப்பகுதியில் தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்களே கூட்டமைப்பு ஆகலாம். பொறுப்பாளர் அத்தொழிலில் மூன்றாண்டுப் பட்டறிவு உடையவராதல் வேண்டும். மிரட்டல் முதலிய குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர் பொறுப்புக்கு வரலாகாது. தனித்தனியே படித்தால் இவ்விதிகள் ஒவ்வொன்றும் நேர்மையாகவே தோன்றும். சேர்த்துப் படித்தால்தான், வேலைநிறுத்தக் காலத்தில் தலைமையேற்றவர்களை விலக்கிவைக்கும் வலை தெரியும். ஜூன் மாதத்தில் அகில மலாயா தொழிற்சங்கக் கூட்டமைப்பு சட்டத்துக்குப் புறம்பாயிற்று; அதே மாதத்தில் அவசரகாலம் வந்தது. கூட்டமைப்பின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஆயுதம் வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. அதற்கு முந்தைய நாள் பி. வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். ஓர் ஆண்டுக்கு முன் மேசைக்கு எதிரே அமர்ந்து கூலி பேசியவர்கள் இவர்கள்.

மக்கள் காட்டுக்குள் சென்றதற்குக் கட்சிக் கொள்கையே காரணம் என்று சொல்பவர்களும், சட்டம் அவர்களைத் துரத்தியதே காரணம் என்று சொல்பவர்களும் இன்றுவரை வாதிடுகின்றனர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் பேசுவதற்குரிய மேசை அகற்றப்பட்டபின் எஞ்சியது துப்பாக்கியே என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை என்று நினைக்கிறேன்.

அந்த மேசை ஒருமுறை மீண்டும் போடப்பட்டது. அதுவும் நம் கெடாவிலேயே. 1955 டிசம்பர் 28, 29 ஆகிய நாள்களில் பாலிங் ஆங்கிலப் பள்ளியில் துங்கு அப்துல் ரஹ்மான், டேவிட் மார்ஷல், டான் செங் லோக் ஆகியோர் சின் பெங்கைச் சந்தித்தனர். துங்கு அவ்வாண்டு ஜூலைத் தேர்தலில் வென்று வந்தவர். சின் பெங் கேட்டது தம் கட்சிக்குச் சட்ட ஏற்பு. துங்கு கேட்டது சரணடைதல். எதிர்த்தரப்பைப் பகைவனாகக் கருதுவதா, சட்டத்துக்குட்பட்ட எதிரணியாக ஏற்பதா என்னும் வினாவில்தான் பேச்சு முறிந்தது. வன்முறையைக் கைவிடாத ஒரு கட்சியை எந்த மக்களாட்சி ஏற்கும் என்னும் துங்குவின் ஐயத்தை எளிதில் தள்ளிவிட முடியாது, நானும் தள்ளவில்லை. இருப்பினும் ஒரு பள்ளிக்கூடத்து அறையில் இவ்வினா நேருக்கு நேர் பேசப்பட்டது என்பதே பெரிது. பத்தொன்பது ஆண்டு கழித்து, 1974 நவம்பரில், அதே பாலிங்கில் இரப்பர் விலை வீழ்ந்து வாடிய சிறுதோட்டக்காரர்கள் தெருவுக்கு வந்தனர். அவர்களுக்காகக் கோலாலம்பூரில் மாணவர்கள் திரண்டனர். அடுத்த ஆண்டே பல்கலைக்கழகச் சட்டம் கடுமையாக்கப்பட்டது.

இதற்கிடையே 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பி. பி. நாராயணன் வழிநடத்திய அச்சங்கம் மறியலைவிடப் பேச்சுவார்த்தையையே பெரிதும் நம்பியது. அதனால் பெற்றதும் உண்டு, மாதச் சம்பளத்துக்குப் புத்தாயிரத்தின் தொடக்கம் வரை காத்திருந்ததும் உண்டு. 1957இன் அரசமைப்பு பத்தாம் விதி, பேசவும் அமைதியாகக் கூடவும் சங்கம் அமைக்கவும் குடிமக்களுக்கு உரிமை தந்தது. அதே விதியின் அடுத்தடுத்த பிரிவுகள் அவ்வுரிமையை நாடாளுமன்றம் வரையறுக்கலாம் என்றும் சொல்லின. மூன்றாம் உட்பிரிவைத் தனியே படிக்கும்படி ஆசிரியர்களை வேண்டிக்கொள்கிறேன். சங்கம் அமைக்கும் உரிமையைத் தொழிலாளர் தொடர்பான சட்டத்தாலும் கல்வி தொடர்பான சட்டத்தாலும் கட்டுப்படுத்தலாம் என்கிறது அது. பால்வெட்டுபவரும் பாடம் படிப்பவரும் ஒரே வரியில் வைக்கப்பட்டது ஏன் என்று மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

சட்டம் ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுக்கிறது என்று சலித்துக்கொள்வோர் உண்டு. அவர்களுக்கு நான் புக்கிட் சீடிம் தோட்டத்தைக் காட்டுவேன். நாடு விடுதலை பெறும் காலத்தில் வெள்ளையர் தம் தோட்டங்களைத் துண்டாடி விற்றுச் சென்றபோது, வேலையும் வீடும் இழந்து நின்றோர் பல்லாயிரவர். 1960இல் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளரிடம் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் அச்சங்கம் முதன்முதலாக வாங்கிய தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம். கூட்டுறவு என்பது சட்டத்தின் குழந்தை: பதிவு, துணைவிதி, கணக்காய்வு, ஆண்டுக்கூட்டம், உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வாக்கு. அங்கும் பூசல் இருந்தது. கூட்டுறவு உள்ள இடத்தில் பூசல் இல்லாதிருக்குமா? ஆனால் பெரட்டுக்களத்தில் வாய் திறந்தால் வீட்டை இழந்திருக்கக்கூடிய ஒருவர், கணக்கில் ஐயம் உண்டு என்று எழுந்து நின்று கேட்கலாம். தலைவர் விடை சொல்லியாக வேண்டும். அவர் கேட்டதும் இவர் சொன்னதும் கூட்டக் குறிப்பில் எழுதப்படும்.